முக்கோணங்கள் சர்வசமமா, வடிவொத்தவையா? நிரூபணம் எழுதுவதற்கு ஒரு முழு வழிகாட்டி

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு முக்கோணக் கணக்கைக் கொடுத்தால், பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது விதியின் பெயரைத்தான். "இது ப-கோ-பவா, கோ-ப-கோவா?" என்று முணுமுணுத்துக்கொண்டே படத்தை முறைப்பார்கள் (ப என்றால் பக்கம், கோ என்றால் கோணம்). நிரூபணத்தில் விதியின் பெயர் கடைசிக்கு முந்தின வரியில் வருகிற விஷயம். அதற்கு முன்னால் இரண்டு முடிவுகள் எடுத்தாக வேண்டும்: எந்த இரண்டு முக்கோணங்கள், எந்த முனைக்கு எந்த முனை ஜோடி. இவை சரியாக அமைந்தால் விதி தானாக வந்து நிற்கும். இவை தப்பினால் எந்த விதியை எழுதினாலும் பயனில்லை.

பாடநூலில் முனைகளுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இருக்கும். இங்கே க, ச, ட, த, ந, ம என்று வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு தாளை வைத்து, கணக்கு வரும்போதெல்லாம் படம் போட்டுக்கொண்டே படியுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பென்சில், அளவுகோல், கவராயம், இரண்டு நிறப் பேனா. நிறப் பேனா அலங்காரத்துக்கு இல்லை. ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இரண்டு முக்கோணங்களைப் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது.

சர்வசமம் என்றால் வடிவமும் அளவும் ஒன்று; வடிவொத்தமை என்றால் வடிவம் ஒன்று, அளவு வேறாக இருக்கலாம். இரண்டுக்குமான விதிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். சர்வசமத்துக்கு ஐந்து: ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, கோ-கோ-ப, செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்). வடிவொத்தமைக்கு மூன்று: கோ-கோ, ப-கோ-ப, ப-ப-ப. பெயர் ஒன்றாக இருந்தாலும் வடிவொத்தமையில் 'ப' என்றால் பக்கங்கள் சமம் என்று பொருளில்லை, ஒரே விகிதத்தில் இருக்கின்றன என்று பொருள்.

இதை எல்லோரும் படித்துவிடுகிறார்கள். படிக்காமல் விடுவது இன்னொன்று: சமமான கோணங்களும் சமமான பக்கங்களும் எங்கிருந்து கிடைக்கும் என்ற பட்டியல். அது இல்லாமல் விதி மட்டும் தெரிந்து ஒன்றும் ஆகாது.

கோணம் கிடைக்கும் இடங்கள்: இரண்டு முக்கோணங்களுக்கும் பொதுவான கோணம், இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் குத்தெதிர்க் கோணங்கள், இணைகோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டும்போது ஒத்த கோணங்கள், ஒன்றுவிட்ட கோணங்கள், இருசமபக்க முக்கோணத்தில் சமபக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள், செங்கோணங்கள், கோண இருசமவெட்டி, வட்டத்தில் ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள், இரண்டு கோணங்கள் தெரிந்தால் 180°-இல் கழித்து மூன்றாவது.

பக்கம் கிடைக்கும் இடங்கள்: பொதுப் பக்கம், நடுப்புள்ளி, ஒரே வட்டத்தின் ஆரங்கள், இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள், அப்புறம் சமமான துண்டுகளோடு ஒரே துண்டைக் கூட்டினாலோ கழித்தாலோ வருகிற சமமான துண்டுகள். கடைசியாகச் சொன்னதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். ஒரே கோட்டில் க, ச, ட, த வரிசையாக இருந்து கச = டத என்றால், நடுவில் உள்ள சட-வை இரண்டு பக்கமும் கூட்டினால் கட = சத. முக்கோணத்தின் பக்கம் கட-வாக இருக்கும்போது, 'கொடுத்திருப்பது கச ஆயிற்றே' என்று அங்கேயே நின்றுவிடுவார்கள்.

2. படத்தை நீங்களே வரையுங்கள், சிறப்பு வடிவமாக வரையாதீர்கள்

கணக்கில் படம் இருந்தாலும் ஒரு முறை சொந்தமாக வரையுங்கள். வாக்கியம் வாக்கியமாகப் படித்து வரையும்போது, எது கொடுக்கப்பட்டது, எது கண்ணுக்கு அப்படித் தெரிவது மட்டும் என்பது பிரிந்துவிடும்.

வெறும் 'முக்கோணம்' என்று சொல்லியிருந்தால் சமபக்க முக்கோணம்போல வரையாதீர்கள். கொஞ்சம் கோணலாக, மூன்று பக்கமும் வெவ்வேறு நீளத்தில் இருக்கட்டும். அழகான சமச்சீர்ப் படம் வரைந்தால், முனையிலிருந்து போட்ட குத்துக்கோடு எதிர்ப்பக்கத்தின் நடுவில் விழும். விழுந்ததைப் பார்த்ததும் 'நடுப்புள்ளி' என்று எழுதக் கை போகும். கோணல் படத்தில் அந்த ஆசையே வராது.

படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பவை கொஞ்சம்தான்: எந்தப் புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறது, எதற்கு நடுவில் எது, எவை எங்கே வெட்டுகின்றன. சமம், செங்குத்து, இணை ஆகிய மூன்றையும் படத்திலிருந்து எடுக்கவே கூடாது. கணக்கு சொல்ல வேண்டும், இல்லை நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

கொடுக்கப்பட்டதைப் பென்சிலால் குறியுங்கள்: சமபக்கங்களுக்குச் சிறு கோடு, சமகோணங்களுக்கு வில். நிரூபிக்க வேண்டியதைக் குறிக்காதீர்கள். குறித்தால் பத்து நிமிடம் கழித்து அதையும் கொடுக்கப்பட்டதாக நினைத்து நிரூபணத்துக்குள் எழுதிவிடுவீர்கள். விடைத்தாள் திருத்துபவருக்கு இது உடனே கண்ணில் படும்.

3. கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

எதை நிரூபிக்கச் சொல்கிறார்கள் என்பதே சர்வசமமா வடிவொத்தமையா என்று காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு நீளங்கள் சமம் என்று கேட்டால் சர்வசமத்தைத் தேடுங்கள். விகிதமோ, இரண்டு நீளங்களின் பெருக்கலோ, ஒரு நீளத்தின் வர்க்கமோ வந்தால் வடிவொத்தமை. கோணங்கள் சமம், கோடுகள் இணை என்று கேட்டால் இரண்டில் எதுவும் இருக்கலாம். கொடுக்கப்பட்டதில் நீளங்கள் சமமாக இருக்கின்றனவா, விகிதமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது, எந்த முக்கோணங்கள்? கேட்ட பக்கம் எந்தெந்த முக்கோணங்களில் உள்ளது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு பக்கம் இரண்டு மூன்று முக்கோணங்களில் இருப்பது சகஜம்.

பெருக்கல் வடிவில் கேட்டால் ஒரு நல்ல வழி இருக்கிறது. கச² = சத × சட என்று நிரூபிக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். முதலில் இதை விகிதமாக மாற்றுங்கள்:

கச / சத = சட / கச

தொகுதியில் உள்ள எழுத்துகளைச் சேருங்கள்: கச, சட. க, ச, ட என்று மூன்று எழுத்து, அதாவது △கசட. பகுதியில்: சத, கச. இது △கசத. ஆக, வடிவொத்தவை என்று காட்ட வேண்டியது இந்த இரண்டையும்தான். படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய வேலை இல்லை.

எழுத்துகளைச் சேர்த்தால் மூன்றுக்குப் பதில் நான்கு வந்தாலோ, மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் இருந்தாலோ, விகிதத்தைக் குறுக்காக மாற்றி எழுதிப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் ஒரு நீளத்துக்குப் பதிலாக அதற்குச் சமமான வேறொரு நீளத்தைப் போட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கான உதாரணம் 9-ஆம் பகுதியில் வருகிறது.

4. முனைகளை ஜோடி சேருங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. △கசட ≅ △தநம (≅ என்பது சர்வசமக் குறி) என்று எழுதினால் க-வுக்கு த, ச-வுக்கு ந, ட-வுக்கு ம என்று சொல்கிறீர்கள். எழுத்து வரிசை மாறினால் கூற்றே மாறிவிடும். 'அதே முக்கோணம்தானே, எப்படி எழுதினால் என்ன?' என்பது செல்லாது.

ஜோடி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 8, 12, 18. இன்னொன்றின் பக்கங்கள் 12, 18, 27. முதலாவதின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒன்றரை மடங்காக்கினால் இரண்டாவது கிடைக்கும். ஆகவே இவை வடிவொத்தவை. மூன்று கோணங்களும் சமம். அதோடு 12, 18 என்ற இரண்டு நீளங்கள் இரண்டிலும் இருக்கின்றன. ஆறு அளவுகளில் ஐந்து ஒன்றாக இருந்தும் இவை சர்வசமம் இல்லை! காரணம், முதல் முக்கோணத்தின் 12 நடுத்தரப் பக்கம், இரண்டாவதின் 12 மிகச் சிறிய பக்கம். அவை ஒத்த பக்கங்களே அல்ல. 'மூன்று அளவு சமம்' என்பது போதாது, ஜோடியான இடங்களில் சமமாக இருக்க வேண்டும்.

ஜோடி சேர்க்க நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. முதலில் சந்தேகமே இல்லாத கோணத்தை எடுங்கள்: பொதுக் கோணம், செங்கோணம், குத்தெதிர்க் கோணம். அந்த முனைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். அடுத்த சமகோணத்தின் முனைகளை எழுதுங்கள். மீதி உள்ள முனை தானாக ஜோடியாகிவிடும். பிறகு இரண்டு வரியையும் அப்படியே படித்தால் முக்கோணங்களின் பெயர் சரியான வரிசையில் கிடைக்கும்.

பக்கங்களின் நீளம் மட்டும் கொடுத்திருந்தால் ஏறுவரிசையில் அடுக்குங்கள். ஒன்று 6, 9, 12. இன்னொன்று 8, 6, 4 என்று கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த வரிசையிலேயே 6/8, 9/6, 12/4 என்று போட்டுப் பார்த்து 'வடிவொத்தவை இல்லை' என்று முடித்தவர்கள் நிறைய. அடுக்கினால் 4, 6, 8 என்று ஆகும். 4/6 = 6/9 = 8/12 = 2/3. வடிவொத்தவைதான்.

5. மூன்று உண்மை, மூன்று காரணம், அப்புறம் விதி

இப்போதுதான் நிரூபணம் எழுத வேண்டும். 'கூற்று' ஒரு பக்கம், 'காரணம்' ஒரு பக்கம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுவது நல்லது. காரணம் எழுத முடியாத கூற்று வந்தால் கை அங்கேயே நிற்கும். எங்கே ஓட்டை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சர்வசமத்துக்கு எப்போதும் மூன்று வரி. கோ-கோ வடிவொத்தமைக்கு மட்டும் இரண்டு வரி போதும், ஏனென்றால் மூன்றாவது கோணத்தை 180° கொடுத்துவிடும். விதியின் பெயரை இந்த வரிகளுக்குப் பிறகு எழுதுங்கள்.

விதியின் பெயரில் வழக்கமாகத் தடுக்கி விழுகிற இடங்கள்:

ப-கோ-ப என்றால் கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கு இடையில் இருக்க வேண்டும். இடையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கவராயத்தை எடுத்துப் பாருங்கள். ச-வில் 30° கோணம் வரையுங்கள். ஒரு கதிரில் கச = 10 செ.மீ. க-வை மையமாக வைத்து 6 செ.மீ. ஆரத்தில் வில் போடுங்கள். அது மற்றக் கதிரை இரண்டு இடத்தில் வெட்டும். ச-விலிருந்து ஒன்று ஏறத்தாழ 5.3 செ.மீ., இன்னொன்று ஏறத்தாழ 12 செ.மீ. இரண்டு பக்கமும் ஒரு கோணமும் அதேதான், ஆனால் கிடைத்தவை முற்றிலும் வேறான இரண்டு முக்கோணங்கள். ஒரு தடவை கையால் வரைந்தவர்கள் ப-ப-கோ என்று பிறகு எழுதுவதில்லை.

செங்கோணம் தெரிந்ததுமே செ-க-ப என்று எழுதுவது இன்னொரு பழக்கம். செ-க-பவுக்குக் கர்ணங்கள் சமமாக இருக்க வேண்டும், அதோடு இன்னொரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். செங்கோணத்தை உண்டாக்கும் இரண்டு பக்கங்கள் சமம் என்றால் அது ப-கோ-ப. கர்ணமும் ஒரு குறுங்கோணமும் சமம் என்றால் அது கோ-கோ-ப.

மூன்று கோணமும் சமம் என்று காட்டிவிட்டு சர்வசமம் என்று முடிக்காதீர்கள். அதிலிருந்து வடிவொத்தமை மட்டும்தான் கிடைக்கும்.

'சர்வசம முக்கோணங்களின் ஒத்த பாகங்கள் சமம்' என்ற காரணத்தை விதியின் பெயருக்குக் கீழேதான் எழுத முடியும். அதற்கு மேலே எழுதினால், இன்னும் நிரூபிக்காத சர்வசமத்தை வைத்தே சர்வசமத்தை நிரூபிக்கிறீர்கள் என்று ஆகிவிடும்.

6. ஒரு முழுக் கணக்கு: சர்வசமம்

△கசட-வில் கச = கட. ச-விலிருந்து கட-வுக்கு சம என்ற குத்துக்கோடும், ட-விலிருந்து கச-வுக்கு டந என்ற குத்துக்கோடும் வரையப்படுகின்றன. சம = டந என்று நிரூபிக்க.

நீளங்கள் சமம் என்று கேட்கிறார்கள், சர்வசமம் தேவை. சம எந்த முக்கோணங்களில் இருக்கிறது? △கசம, △சமட. டந எவற்றில்? △கடந, △டநச. ஆக இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, △கசம-வும் △கடந-வும். இவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றை நீலத்திலும் ஒன்றைச் சிவப்பிலும் சுற்றி வரையுங்கள். க பொதுக் கோணம், ஆகவே க-வுக்கு க. செங்கோணம் ம-விலும் ந-விலும், ஆகவே ம-வுக்கு ந. மீதி ச-வுக்கு ட.

∠சகம = ∠டகந (பொதுக் கோணம்)
∠கமச = ∠கநட = 90° (குத்துக்கோடுகள்)
கச = கட (கொடுக்கப்பட்டது)
ஆகவே △கசம ≅ △கடந (கோ-கோ-ப)
ஆகவே சம = டந (ஒத்த பாகங்கள்)

கோ-ப-கோ என்று எழுதுவீர்களானால் அந்தப் பக்கம் க-வுக்கும் ம-வுக்கும் இடையில், அதாவது கம-வாக இருக்க வேண்டும். நம்மிடம் இருப்பது கச. அதனால்தான் கோ-கோ-ப.

இரண்டாம் வழி, △சமட-வும் △டநச-வும். ம-விலும் ந-விலும் செங்கோணம்; ∠மடச = ∠நசட, சமபக்கங்களின் எதிர்க்கோணங்கள்; சட பொதுப் பக்கம். இதுவும் கோ-கோ-ப.

பரீட்சைக்கு எது வேண்டுமானாலும் எழுதலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ∠க விரிகோணமாக இருந்தால் என்ன ஆகும் என்று வரைந்து பாருங்கள்: ம, ந இரண்டும் பக்கங்களில் விழாமல், க-வைத் தாண்டி நீட்டிய கோடுகளில் போய் விழும். அப்போது முதல் வழியில் 'பொதுக் கோணம்' என்ற காரணம் செல்லாது. ∠சகம-வும் ∠டகந-வும் குத்தெதிர்க் கோணங்களாகிவிடும். இரண்டாம் வழியில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். ∠க செங்கோணமாக இருந்தால் ம, ந இரண்டுமே க-விலேயே வந்து உட்கார்ந்துவிடும். அங்கே நிரூபிக்கவே ஒன்றுமில்லை, கொடுக்கப்பட்டதுதான் விடை.

இதன் மறுதலையையும் செய்து பாருங்கள்: குத்துக்கோடுகள் சம = டந என்று கொடுத்து, கச = கட என்று நிரூபிக்கச் சொன்னால்? இப்போது △சமட, △டநச இரண்டிலும் செங்கோணம் இருக்கிறது, கர்ணம் சட பொது, சம = டந. இங்கேதான் செ-க-ப உண்மையாகவே பொருந்துகிறது. ஒத்த கோணங்கள் ∠மடச = ∠நசட, அதிலிருந்து எதிர்ப்பக்கங்கள் சமம். அதே படம்தான், கொடுக்கப்பட்டது மாறியதும் விதியும் மாறிவிட்டது. படத்தைப் பார்த்து விதியை முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

7. ஒரு முழுக் கணக்கு: வடிவொத்தமை

△கசட-வில் ∠க = 90°. க-விலிருந்து கர்ணம் சட-வுக்குக் குத்துக்கோடு கத. கச² = சத × சட என்று நிரூபிக்க.

3-ஆம் பகுதியில் பார்த்தோம்: தேவையான முக்கோணங்கள் △கசட, △கசத. இப்போது ஜோடி. ச பொதுக் கோணம்: ச-வுக்கு ச. செங்கோணம் முதலாவதில் க-வில், இரண்டாவதில் த-வில்: க-வுக்கு த. மீதி ட-வுக்கு க. ஆகவே எழுத வேண்டியது △கசட ~ △தசக (~ என்பது வடிவொத்தமைக் குறி).

∠கசட = ∠தசக (பொதுக் கோணம்)
∠சகட = ∠சதக = 90° (கொடுக்கப்பட்டது, குத்துக்கோடு)
ஆகவே △கசட ~ △தசக (கோ-கோ)
கச / தச = சட / சக
ஆகவே கச² = சத × சட

விகிதத்தை எழுதும்போது படத்தைப் பார்க்காதீர்கள். முக்கோணங்களின் பெயரை மட்டும் பாருங்கள்: முதல் இரண்டு எழுத்துக்கு முதல் இரண்டு, கடைசி இரண்டுக்குக் கடைசி இரண்டு, முதலும் கடைசியும் அதேபோல. பெயர் சரியாக இருந்தால் விகிதம் தப்பவே தப்பாது.

பெயரைக் கவனிக்காமல் △கசட ~ △கசத என்று எழுதினால் என்ன வரும்? முதல் விகிதமே கச / கச, அதாவது 1. சின்ன முக்கோணமும் பெரிய முக்கோணமும் ஒரே அளவு என்று ஆகிவிடுகிறது. ஒரு பக்கத்துக்கு அதே பக்கம் ஜோடியாக வந்து, முக்கோணங்கள் கண்ணுக்கே வேறு வேறு அளவில் இருந்தால், வரிசை தப்பு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

எண் போட்டும் சரிபார்க்கலாம். கச = 6, கட = 8 என்றால் சட = 10. அப்போது சத = 36/10 = 3.6, தட = 6.4. இதே படத்தில் கத² = சத × தட என்றும் கேட்பார்கள். 3.6 × 6.4 = 23.04, அது 4.8-இன் வர்க்கம். பரப்பளவிலிருந்து கத = (6 × 8)/10 = 4.8. ஒத்துப்போகிறது. எண் சரியாக வந்துவிட்டால் நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் எண் தப்பாக வந்தால் நிரூபணத்தில் நிச்சயம் தப்பு இருக்கிறது.

கத² கணக்கை நீங்களே முடியுங்கள். கத / சத = தட / கத என்று எழுதினால் △கதட, △சதக என்று கிடைக்கும். பொதுக் கோணம் இங்கே இல்லை. ∠தகட, ∠ச இரண்டையும் ∠ட-வோடு தனித்தனியே கூட்டினால் 90° வரும். அதிலிருந்து அவை சமம் என்பது கிடைக்கும்.

8. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு படங்கள்

கட, சத என்ற இரண்டு கோட்டுத்துண்டுகள் ம-வில் வெட்டிக்கொள்கின்றன. இந்தப் பெருக்கல் குறி போன்ற படம் பாடத்தில் அடிக்கடி வரும். இதில் ஜோடி இரண்டு விதமாக அமையலாம். எது என்பதைக் கொடுக்கப்பட்டதுதான் சொல்லும்.

முதலாவது, கசடத ஒரு சரிவகம், கச ∥ டத. மூலைவிட்டங்கள் ம-வில் வெட்டுகின்றன. ஒன்றுவிட்ட கோணங்களால் ∠மகச = ∠மடத; ம-வில் குத்தெதிர்க் கோணங்கள். ஆகவே △கமச ~ △டமத. க-வுக்கு ட, ச-வுக்கு த. கம / டம = சம / தம.

இரண்டாவது, இணை என்று எதுவும் சொல்லவில்லை; கம × மட = சம × மத என்று மட்டும் கொடுத்திருக்கிறார்கள். இதை விகிதமாக்கினால் கம / மத = சம / மட. ம-வில் குத்தெதிர்க் கோணங்கள் இந்தப் பக்கங்களுக்கு இடையில் இருக்கின்றன. ப-கோ-ப விதிப்படி △கமச ~ △தமட. இங்கே க-வுக்கு த, ச-வுக்கு ட. சரிவகத்தில் இருந்ததற்கு நேர்மாறு!

சரிவகக் கணக்கைப் போட்டுப் பழகிய கை, இரண்டாவதிலும் △கமச ~ △டமத என்றே எழுதும். எழுதினால் கச ∥ டத என்று சொன்னதாகிவிடும், அது கொடுக்கப்படவில்லை. கொடுத்த சமன்பாட்டிலிருந்து விகிதம் எழுதி, அதிலிருந்து ஜோடியை எடுங்கள்.

சரிவகப் படத்தில் இன்னொரு பொறியும் உண்டு. பக்கவாட்டில் இருக்கும் △கமத, △சமட இரண்டையும் வடிவொத்தவை என்று சிலர் எழுதுவார்கள். அவற்றின் பரப்பளவு சமம். கச-வை அடிப்பக்கமாகக் கொண்ட △கசத, △கசட இரண்டும் ஒரே இணைகோடுகளுக்கு இடையில் இருப்பதால் சமபரப்பு, இரண்டிலிருந்தும் △கமச-வைக் கழித்தால் மீதி சமம். ஆனால் பொதுவாக அவை வடிவொத்தவை அல்ல.

9. கோடு சேர்க்க வேண்டியிருந்தால்

முக்கோணமே கிடைக்காவிட்டால் 'அமைப்பு' என்று தலைப்பிட்டு ஒரு கோடு சேர்க்கலாம். ஒரு கோட்டுக்கு ஒரு நிபந்தனைதான். 'க-விலிருந்து சட-வுக்குச் செங்குத்தாகவும் அதை இருசமமாக வெட்டும்படியும் கத வரைக' என்று எழுதக் கூடாது. அப்படி ஒரு கோடு எல்லா முக்கோணத்திலும் கிடையாது. இருப்பதாக வைத்துக்கொண்டால் நிரூபிக்க வேண்டியதையே எடுத்துக்கொண்டதாகிவிடும். கோண இருசமவெட்டி என்றால் அது மட்டும், நடுக்கோடு என்றால் அது மட்டும்.

கோண இருசமவெட்டித் தேற்றம் இதற்கு நல்ல உதாரணம். △கசட-வில் கத என்பது ∠க-வின் இருசமவெட்டி; சத / தட = கச / கட என்று நிரூபிக்க. 3-ஆம் பகுதியின் வழியில் எழுத்துகளைச் சேர்த்தால் △கசத, △கடத என்று வரும். பார்த்தால் பொருத்தமாகத் தெரியும். ஆனால் த-வில் உள்ள இரண்டு கோணங்களும் சேர்ந்து 180°. அவை சமமாக இருக்க ஒவ்வொன்றும் 90° ஆக வேண்டும். ஆகவே பொதுவாக இவை வடிவொத்தவை இல்லை. கட-வுக்குப் பதில் வேறொரு நீளம் தேவை.

அமைப்பு: ட வழியாக கத-வுக்கு இணையாக ஒரு கோடு வரைக, சக-வை நீட்டினால் அதை ந-வில் சந்திக்கட்டும். ஒன்றுவிட்ட கோணங்களால் ∠தகட = ∠கடந. ஒத்த கோணங்களால் ∠சகத = ∠கநட. இடப்பக்கம் உள்ள இரண்டும் இருசமவெட்டியால் சமம், எனவே ∠கடந = ∠கநட, எனவே கந = கட. இப்போது △சநட-வில் கத ∥ நட என்பதால் தேல்ஸ் தேற்றப்படி (ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும்) சத / தட = சக / கந. கந இருக்கும் இடத்தில் கட-வைப் போட்டால் முடிந்தது.

இந்தக் கோட்டின் வேலை கட என்ற நீளத்தைத் தூக்கி சக-வின் நேர்க்கோட்டில் வைப்பதுதான். அது புரிந்தால் 'ட வழியாக எதற்கு இணையாக?' என்று பரீட்சை அறையில் யோசித்துத் திணற வேண்டியதில்லை.

10. தாளைக் கொடுக்கும் முன்

முக்கோணங்களின் பெயரில் எழுத்து வரிசையை விரல் வைத்துச் சரிபாருங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே காரணம் இருக்கிறதா, கொடுக்கப்பட்டவை எல்லாம் எங்காவது பயன்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பயன்படாமல் ஒன்று மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் எங்கோ படத்தை நம்பி எழுதியிருப்பீர்கள்.

≅, ~ குறிகள் மாறாமல் இருக்க வேண்டும். கடைசி வரி, கேள்வியில் கேட்ட அதே வடிவில் இருக்க வேண்டும்: கச² = சத × சட என்று கேட்டிருந்தால் விகிதத்தோடு நிறுத்தாமல் பெருக்கியும் எழுதிவிடுங்கள்.